ரேணி காட்டைக் காத்த கௌரா தேவி

சிப்கோ இயக்கம் தெரியும். கௌரா தேவியைத் தெரியுமா?

1925-ல் இமயமலையின் லாதா கிராமத்தில் பிறந்தவர். ரேணி கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு, 22 வயதில் கணவரை இழந்து, பிள்ளையைத் தனியாளாக வளர்த்தார். 1972-ல் ஊர் மகளிர் மன்றத் தலைவியானார்.

1970 வெள்ளத்தில் அலக்நந்தா பள்ளத்தாக்கே சீரழிந்தது. அப்படியும் ரேணியில் சுமார் 2,500 மரங்களை வெட்டக் குத்தகை விட்டார்கள். 1974 மார்ச் 26: நில இழப்பீடு என்று ஆண்களைச் சமோலிக்கு வரவழைத்துவிட்டு, வெட்டும் ஆட்கள் காட்டுக்குள் நுழைந்தார்கள். பொம்பளைங்க என்ன பண்ணிடப் போறாங்கன்னு நினைப்பு! 27 பெண்கள் மறித்தார்கள், முன்னால் கௌரா தேவி. துப்பாக்கி காட்டியும் அசையவில்லை. ராத்திரி முழுக்கக் காவல். கடைசியில் வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அரசுக் குழு ஆராய்ந்த பிறகு அப்பகுதியில் 10 ஆண்டுகள் வெட்டத் தடை வந்தது.

1991-ல் அவர் மறைந்தார்.

விறகும் தீவனமும் சுமந்தது பெண்கள். ஆனா குத்தகை விடும்போது அவங்களை யாரும் கேட்கலை. நாளைக்கு நாமும் ரோடு, அணை என்று சர்வேக்குப் போவோம். ஊர்ப் பெரியவரோடு, தண்ணீர் சுமக்கிற அக்காவையும் கேட்போமா?