நிழற்பட வல்லுநர் வில்லியம் ஹென்றி ஜாக்ஸன்

கண்ணாற் கண்டதைப் பிறர் நம்பும்படி உரைத்தல் எளிதன்று. அமெரிக்காவின் மேற்றிசையிலுள்ள எல்லோஸ்டோன் மலைநாட்டில் நிலத்தினின்று வெந்நீர் பீறிட்டெழுகின்றதென்று வேட்டைக்காரர் பல்லாண்டு சொல்லிவந்தும், கீழ்த்திசை நகரத்தார் அதனைக் கட்டுக்கதையென்றே நகைத்தனர். அந்நகைப்பை அடக்கியவருள் ஒருவராகிய ஜாக்ஸன் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரைவாம்.

இவர் 1843 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 4 ஆம் தேதி நியூயார்க் மாகாணத்துக் கீஸ்வில் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலேயே சித்திரத்தில் விருப்புற்று, நிழற்படங்களைத் திருத்தி வர்ணந்தீட்டும் தொழிலை மேற்கொண்டார். உள்நாட்டுப் போரில் வடவர் சேனையிற் சேவித்தபின், 1866 ஆம் ஆண்டில் எருது பூட்டிய சரக்குவண்டி ஓட்டுவோராய் மேற்றிசை சென்றார். மறு ஆண்டில் ஒமாஹா நகரில் நிழற்படச்சாலை நிறுவினார். 1870 ஆம் ஆண்டில் ஹேய்டன் என்னும் அறிஞர் நடத்திய அரசாங்க நில ஆராய்ச்சிக் குழுவிற் சேர்ந்தார்.

அக்காலத்தில் இத்தொழில் பெருந்தொல்லை தருவதாயிருந்தது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே இருட்கூடாரத்துட் புகுந்து அதனைக் கழுவி முடித்தல் வேண்டும். கூடாரத்தையும் மருந்துப் புட்டிகளையும் கண்ணாடித் தகடுகளையும் கோவேறு கழுதைமேல் ஏற்றி மலை கடத்தல் வேண்டும். அவ்விலங்கு ஒருமுறை கால் இடறினும், பலநாள் உழைப்பு ஒருகணத்தில் நொறுங்கும்.

1871 ஆம் ஆண்டில் இக்குழுவினர் எல்லோஸ்டோனை அடைந்தனர். ஓவியர் தாமஸ் மோரனும் உடன் சென்றார். ஜாக்ஸன் எடுத்த படங்களும் மோரன் தீட்டிய ஓவியங்களும் காங்கிரஸ் சபையார்க்குக் காட்டப்பட்டன. 1872 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1 ஆம் தேதி அதிபர் கிராண்ட் கையொப்பமிட்ட சட்டத்தால் அந்நிலம் மக்கள் யாவர்க்கும் உரிய தேசியப் பூங்காவாயிற்று.

அவ்வாண்டிலேயே ஜாக்ஸன் மனைவியார் பிரசவத்தில் மாண்டார், குழவியும் பிழைத்திலது. இத்துயரிலும் அவர் தொழிலைக் கைவிட்டாரல்லர். 1873 ஆம் ஆண்டில், பனி சிலுவை வடிவாய்ப் படியும் கொலராடோ மலையொன்றைத் தேடிச் சென்றார். மேகம் மறைத்தமையால் மலைமேல் ஓரிரவு காத்திருந்து, மறுநாட் காலையிற் படமெடுத்தார். 1874 ஆம் ஆண்டில், மேசா வெர்டேப் பகுதியிற் பண்டைமக்கள் பாறைச்சரிவிற் கட்டிய இல்லங்களைப் படம்பிடித்தார். அப்பகுதியும் 1906 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று.

இவ்விடங்களை அந்நாட்டுப் பூர்வகுடிகள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஆதலின் ஜாக்ஸனை அவற்றை முதலிற் கண்டவரெனக் கூறோம்; கண்டதை மெய்யென நாட்டியவரென்றே கூறுவோம். 1942 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30 ஆம் தேதி, தமது 99 ஆம் வயதில், அவர் காலமானார். ஒருவர் பொறுமையோடு அளித்த மெய்ச்சான்று ஒரு நாட்டின் செல்வத்தைக் காக்கவல்லதென்பதை மாணவர் இவர் வாழ்வினின்று உணர்வாராக.