கறையை வாசித்த வைத்தியர்

சென்ற வருடம் என் ராத்தாவுக்கு முதல் பிள்ளை கிடைத்தது. பெண் பிள்ளை. வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பு தாதி ஒருவர் வந்து, பிள்ளையின் குதிகாலில் சிறிய ஊசியால் குத்தி, அரும்பிய இரத்தத் துளிகளை ஒரு தடித்த கடதாசி அட்டையில் இருந்த வட்டங்களில் ஒற்றி எடுத்தார். பிள்ளை வீறிட்டு அழுதது. ராத்தாவும் சேர்ந்து அழுதார். தைரொயிட் சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை அது, குறை இருந்தால் நேரத்தோடு மருந்து கொடுத்துப் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றிவிடலாம் என்று தாதி பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

அதற்குப் பிறகு வந்த வைத்தியர் ஒரு கேள்வி கேட்டார். தாயும் தகப்பனும் சொந்தக்காரரா என்பதுதான் அது. ராத்தா மணம் முடித்திருப்பது எங்கள் மாமாவின் மகனை. ஆமென்று சொன்னபோது மூத்தம்மாவின் முகம் மாறிவிட்டது. எங்கள் குடும்பத்தில் மச்சானுக்கும் மச்சிக்கும் கல்யாணம் நடப்பது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். அதை ஒரு குற்றம் போலக் கேட்டுவிட்டார்களே என்று வீடு வந்து சேரும்வரை மூத்தம்மா முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

உயர்தர உயிரியல் பிரிவில் படிக்கும் எனக்கு அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. ஏன் கேட்கிறார்கள்? யார் முதலில் கேட்டது? தேடிப் போனபோதுதான் ஆர்ச்சிபோல்ட் கரொட் என்ற ஆங்கிலேய வைத்தியரின் வாழ்க்கை எனக்குக் கிடைத்தது. அவரை உங்களுக்கும் அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

கரொட் 1857ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். அவருடைய தந்தை அல்பிரட் பெயரிங் கரொட் அந்நாளில் பெயர்பெற்ற வைத்தியர். கவுட் எனப்படும் மூட்டு வாத நோயாளரின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை 1848இல் எடுத்துக்காட்டியவர் அவர். அதைக் கண்டுபிடிக்க அவர் கையாண்ட முறை ஒரு சமையலறை வேலை போல எளிமையானது. இரத்தத்திலிருந்து பிரிந்த தெளிந்த நீரில் சிறிது அசற்றிக் அமிலம் சேர்த்து, அதற்குள் ஒரு நூலைப் போட்டு வைத்துவிடுவார். யூரிக் அமிலம் மிகுதியாக இருந்தால் சிறு பளிங்குகள் நூலில் வந்து படியும். நோயாளியின் வாய்ச்சொல்லையும் வைத்தியரின் ஊகத்தையும் மட்டும் நம்பியிருந்த காலத்தில், உடலுக்குள் நடப்பதை ஒரு நூல் வெளியே எடுத்துக் காட்டியது. இன்று நாம் உயிரியல் குறிகாட்டி என்று சொல்லும் எண்ணத்துக்கு இது ஒரு தொடக்கம். அந்த வீட்டில்தான் மகன் வளர்ந்தார்.

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானம் படித்து முதல் வகுப்பில் தேறிய கரொட், இலண்டனிலுள்ள சென் பார்த்தலமியூ வைத்தியசாலையில் மருத்துவம் கற்றார். 1886இல் லோரா எலிசபெத் ஸ்மித் என்பவரை மணம் முடித்தார். மூன்று ஆண் பிள்ளைகள், ஒரு பெண் பிள்ளை. தொழிலில் அவர் வேகமாக உயர்ந்தவர் அல்லர். பார்த்தலமியூவில் முழு வைத்தியர் பதவி கிடைத்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் அந்த நீண்ட காத்திருப்புக் காலம் வீணாகவில்லை. மற்றவர்கள் முகம் சுளிக்கும் ஒன்றில் அவருடைய மனம் ஈடுபட்டிருந்தது. அது சிறுநீரின் நிறம். எந்தப் பொருளால் எந்த நிறம் வருகிறது, நோயில் அது எப்படி மாறுகிறது என்று வருடக்கணக்காக ஆராய்ந்தார். பின்னாளில் விற்றமின் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற கௌலண்ட் ஹொப்கின்ஸ் அந்த வேலையில் அவரோடு சேர்ந்து உழைத்தவர்.

1890களின் பிற்பகுதியில் கிரேட் ஓர்மண்ட் வீதியிலுள்ள சிறுவர் வைத்தியசாலையில் சில மாதங்களே ஆன ஆண் குழந்தை ஒன்றை அவர் பார்த்தார். குழந்தைக்குக் கட்டும் துணிகள் நனைந்த சிறிது நேரத்தில் கறுத்துப்போகின்றன என்பதுதான் பிரச்சினை. அதற்கு அல்கப்டனூரியா என்று ஏற்கெனவே பெயர் இருந்தது. சிறுநீரில் ஹோமோஜென்டிசிக் அமிலம் என்ற பொருள் வெளியேறுவதாலும், அது காற்றுப்பட்டதும் கறுப்பதாலும் அப்படி நிகழ்கிறது என்பதும் தெரிந்திருந்தது. ஆனால் அந்த அமிலம் ஏன் வருகிறது? அது கிருமிகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலம். குடலில் புகுந்த ஏதோ ஒரு கிருமியின் வேலைதான் இது என்று பலரும் எண்ணினார்கள்.

கரொட் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. கிருமியால் வரும் நோய் என்றால் ஒருவருக்குக் கூடும், இன்னொருவருக்குக் குறையும், வரும், போகும். இதுவோ இருந்தால் முழுமையாக இருக்கிறது, இல்லையென்றால் துளியும் இல்லை. வாழ்நாள் முழுவதும் மாறாமல் தொடர்கிறது. பெற்றோருக்கு இல்லாதிருக்க, உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கு மேற்பட்டோருக்குக் காணப்படுகிறது.

அந்தத் தாய் 1901இல் ஐந்தாவது முறையாகக் கர்ப்பமாக இருந்தார். கரொட்டுக்கு அது ஒரு வாய்ப்பு. பிறக்கும் பிள்ளையின் துணிகளைப் பிறந்த நேரத்திலிருந்தே கவனமாகப் பார்த்துவர ஏற்பாடு செய்தார். மார்ச் மாதம் பிள்ளை பிறந்தது. முதலில் துணியில் மாற்றம் இல்லை. பிறந்து 52 மணித்தியாலங்களில் கறை தெளிவாகத் தெரிந்தது. பாலை மட்டுமே குடித்த, உலகத்துக்கு வந்து இரண்டு நாள் கடந்த பிள்ளை அது. இது எங்கிருந்தோ தொற்றியது அல்ல, கூடவே பிறந்தது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

இங்கேதான் எங்கள் வைத்தியர் கேட்ட அந்தக் கேள்வி வருகிறது. அந்தக் குழந்தைகளின் பெற்றோர் முதல் தலைமுறை உறவினர். அதாவது உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள். இது தற்செயலாக இருக்குமோ என்று கரொட் மற்றக் குடும்பங்களையும் விசாரித்தார். பிரித்தானியாவில் அவர் விபரம் அறிந்த நான்கு குடும்பங்களில் மூன்றில் பெற்றோர் அதே உறவுமுறைக்காரர். அப்படிப்பட்ட திருமணங்கள் குறைவாக நடக்கும் நாட்டில் இது சாதாரண விஷயம் அல்ல.

துறவி மென்டல் பட்டாணிச் செடிகளில் கண்ட விதிகள் முப்பத்தைந்து வருடம் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1900இல்தான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்திருந்தன. கரொட்டின் தகவல்களைப் பார்த்த வில்லியம் பேட்சன் என்ற உயிரியலாளர், மென்டலின் பின்னிடைவான இயல்பு இதுதான் என்று சுட்டிக்காட்டினார். ஒரு குறைபாட்டுப் பரம்பரையலகு தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று என்று இருவரிடமும் மறைந்திருக்கலாம். அவர்கள் இருவருக்கும் எந்த நோயும் தெரியாது. இரண்டும் ஒரு பிள்ளையில் சந்தித்தால் மட்டுமே குறை வெளிப்படும். அப்படிப்பட்ட பெற்றோருக்கு ஒவ்வொரு பிள்ளையிலும் அது நிகழும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மச்சானும் மச்சியும் பரம்பரையலகுகளில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டிருப்பதால், ஒரே குறை இருவரிடமும் இருக்கும் சாத்தியம் கூடுகிறது. ஆகவே சொந்தத்தில் மணப்பது நோயை உண்டாக்குவதில்லை. இருப்பது சந்திக்க வழிசெய்கிறது. சொந்தமே இல்லாத பெற்றோருக்கும் இது நிகழலாம். இந்த வித்தியாசம் விளங்கியபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

1902ஆம் ஆண்டு தம் ஆய்வை லான்செட் சஞ்சிகையில் வெளியிட்ட கரொட், அதில் இன்னும் ஒரு படி மேலே போனார். மனிதருடைய முகங்கள் வேறுபடுவது போலவே ஒவ்வொருவருடைய உடலின் இரசாயனமும் வேறுபடுகிறது. அல்கப்டனூரியா போன்றவை அந்த வேறுபாட்டின் கண்ணுக்குப் படும் உச்சங்கள்தாம் என்பது அவருடைய எண்ணம். 1908இல் இலண்டன் வைத்தியர்களின் றோயல் கல்லூரியில் ஆற்றிய விரிவுரைகளில் அல்கப்டனூரியா, சிஸ்டினூரியா, பென்டோசூரியா, வெண்தோல் நிலை ஆகிய நான்கையும் சேர்த்து, பிறவி அனுசேபக் குறைகள் என்று பெயரிட்டார். நாம் உண்ணும் புரதம் படிப்படியாக உடைந்து மாறிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதியம் வேண்டும். ஒரு நொதியம் இல்லாவிட்டால் வேலை அந்தப் படியில் நின்றுவிடும்; அதற்கு முந்திய பொருள் தேங்கி வெளியே வழியும். அணைக்கட்டில் கதவு திறக்காவிட்டால் வெள்ளம் கரையைத் தாண்டுவது போல. வழியும் பொருள் எதுவென்று பார்த்தால், பூட்டியிருக்கும் கதவு எதுவென்று சொல்லிவிடலாம்.

அவருக்கு மரியாதை கிடைத்தது, பட்டங்களும் கிடைத்தன. ஆனால் கருத்தைக் கையில் எடுப்பார் இல்லை. வைத்தியர்களுக்கு இவை எப்போதாவது காணும் அபூர்வ நோய்கள். பரம்பரையியலாளருக்கு இரசாயனம் தெரியாது. இரசாயனவியலாளருக்குப் பரம்பரையியலில் அக்கறை இல்லை.

அதற்குள் முதலாம் உலக யுத்தம் வந்தது. கரொட் மோல்டாத் தீவில் காயப்பட்ட படையினருக்கு வைத்திய ஆலோசகராகப் பணியாற்றினார். அவருடைய மகன்மாரில் ஒருவர் 1915இலும் இன்னொருவர் 1916இலும் யுத்தத்தில் உயிரிழந்தார்கள். எஞ்சியிருந்த மகனும் 1919இல், யுத்தம் முடிந்த பிறகு, பரவிய கொள்ளை இன்புளுவென்சாவில் இறந்தார். பரம்பரையைப் பற்றி உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தவரின் வீட்டில் மூன்று ஆண்மக்களும் இல்லாமற் போனார்கள். அடுத்த வருடம் அவர் ஒக்ஸ்போர்டில் மருத்துவப் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். துக்கத்தோடு வேலையை விட்டுவிடவில்லை.

மகள் டொரதி மிஞ்சியிருந்தார். அவர் தொல்லியல் படித்து, பலஸ்தீனத்தின் கார்மேல் மலைக் குகைகளை அகழ்ந்தார். அந்த வேலையில் பக்கத்துக் கிராமங்களின் பெண்களைப் பெருமளவில் சேர்த்துக்கொண்டார். 1939இல் கேம்பிரிட்ஜில் பேராசிரியரானார். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டிலும் அந்த நிலையை அடைந்த முதல் பெண் அவர்தான். அப்போது அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் கூடக் கொடுத்திருக்கவில்லை. அதைப் பார்க்கத் தந்தை இருக்கவில்லை. கரொட் 1936ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி கேம்பிரிட்ஜில் காலமானார்.

அவர் உயிரோடு இருந்தபோதே, 1934இல், நோர்வேயில் ஒரு தாய் தன் இரண்டு பிள்ளைகளின் மூளை வளரவில்லை என்றும், அவர்களிடம் விசித்திரமான வாடை வருகிறது என்றும் வைத்தியர்களிடம் அலைந்தார். யாரும் பொருட்படுத்தவில்லை. கடைசியில் அஸ்பியோர்ன் ஃபொலிங் என்பவர் சிறுநீரில் இரும்புக் குளோரைட்டைச் சேர்த்துப் பார்த்தபோது அது பச்சை நிறமாகியது. பீனைல்கீட்டோனூரியா என்ற பிறவி அனுசேபக் குறை அப்படித்தான் வெளிப்பட்டது. அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் அது காலம் கடந்த கண்டுபிடிப்பு. ஆனால் 1950களில் உணவுக் கட்டுப்பாட்டால் இதற்குப் பரிகாரம் உண்டென்று தெரிந்தது. 1960களில் றொபேட் கத்ரி என்பவர், குதிகாலில் எடுத்த சில துளி இரத்தத்திலேயே நோயைக் கண்டுபிடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். ராத்தாவின் பிள்ளையிடம் நீட்டப்பட்ட அட்டைக்கு மூதாதை அதுதான். இன்று சில நாடுகளில் ஒரே துளியை ஒரு கருவியில் செலுத்தி, அதிலுள்ள பல பொருட்களின் அளவை ஒரேயடியாகப் பார்த்து, பத்துக்கணக்கான குறைகளைத் தேடுகிறார்கள்.

கரொட் பார்த்த நோய்க்கே இன்று மருந்து இருக்கிறது. அல்கப்டனூரியா உள்ளவர்களுக்கு நடுத்தர வயதில் மூட்டுகளும் முதுகெலும்பும் தேய்ந்து வருத்தும். முதலில் களைகொல்லியாக ஆராயப்பட்ட நிட்டிசினோன் என்ற பொருள் அந்தக் கறுக்கும் அமிலம் உருவாவதற்கு முன்பே தடுத்துவிடுகிறது. 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை இந்த நோய்க்கு அங்கீகரித்தது.

இது ஏதோ அபூர்வ நோய்க்காரரின் கதை என்று எண்ணவேண்டாம். எங்கள் வாப்பாவுக்கு நீரிழிவு. கிளினிக் போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து தொதலும் மஸ்கட்டும் தொடமாட்டார். சீனியளவு நல்லாக வந்துவிடும். ஆனால் எச்பி ஏவன்சி என்ற பரிசோதனை, செங்குருதிக் கலங்களில் ஒட்டியிருக்கும் சீனியைப் பார்த்து, கடந்த இரண்டு மூன்று மாதக் கதையையும் சொல்லிவிட்டது. அன்று வாப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கரொட்டின் தந்தை நூலில் கண்ட பளிங்கும், மகன் துணியில் கண்ட கறையும், வாப்பாவின் ரிப்போர்ட்டும் ஒரே விஷயத்தைத்தான் செய்கின்றன. உடல் சொல்வதை வெளியே கொண்டுவருகின்றன.

இவற்றையெல்லாம் ஒரு நாள் அஸருக்குப் பிறகு மூத்தம்மாவுக்குச் சொன்னேன். மச்சான் கல்யாணம் குற்றமல்ல, வைத்தியர் பழி சொல்லக் கேட்கவில்லை, பிள்ளைக்கு எதைத் தேடுவது என்று தெரிந்துகொள்ளக் கேட்டார் என்று விளக்கினேன். மூத்தம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, உம்மாவுக்கு முன்பு தமக்கு இரண்டு பிள்ளைகள் கிடைத்ததையும், இரண்டும் நாற்பது நாள் முடியும் முன்பே மௌத்தாகிவிட்டதையும் சொன்னார். உம்மாவுக்கே அது சரியாகத் தெரியாது. என்ன வருத்தமென்று அன்று யாரும் கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றார்.

அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் என்ன நடந்தது என்பது இனித் தெரியப்போவதில்லை. ஆனால் அடுத்த கிளினிக்குக்குப் போனபோது ராத்தா அதை வைத்தியரிடம் சொன்னார். அவர் கவனமாகக் கேட்டு, குறித்துக்கொண்டார். பிள்ளையின் பரிசோதனை முடிவும் வந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ், குறை எதுவும் இல்லை.

சகோதரிகளே, நாளை எங்களில் பலர் தாய்மாராவோம். சிலர் வைத்தியர்களாகவும் தாதியராகவும் ஆவோம். உங்கள் வீட்டிலும் யாரும் கேட்காததால் யாரும் சொல்லாத ஒரு விபரம் இருக்கக்கூடும். மூத்தம்மாமார் இருக்கும்போதே பக்கத்தில் அமர்ந்து கேட்டு வையுங்கள். கறையைக் கழுவிப் போடுவதற்கு முன்பு அது என்ன சொல்கிறது என்று பார்த்தவர் கரொட். எங்களாலும் அது முடியும்.