இடி இடித்தால் ரேடியோவில் கரகரப்பு ஏன்? அதை அடக்கியவருக்கு நேர்ந்தது என்ன?

நாகர்கோவில் பக்கம் ரேடியோ கேட்டு வளர்ந்தவங்களுக்கு இது நல்லாவே தெரியும். மலைப்பக்கம் மின்னல் வெட்டும். அதே நொடியில் மீடியம் வேவ் ரேடியோவில் படபடவென ஒரு சத்தம். இலங்கை வானொலிப் பாட்டில் பாதி வரி காணாமல் போயிருக்கும். நாகர்கோவில் எஃப்எம் 101-ஐ வைத்தால், அதே மழையிலும் பாட்டு பெரும்பாலும் தெளிவாகவே வரும்.

இதற்குக் காரணமானவர் எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங். நிலாவுக்குப் போனவர் இல்லை, இவர் வேற.

மின்னலும் ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டர் மாதிரிதான். குறைந்த அதிர்வெண்களில் அதன் பலம் அதிகம். அதனால் பல நூறு கி.மீ. தள்ளி வெட்டும் மின்னல்கூட லாங் வேவ், மீடியம் வேவ் ரேடியோவில் கேட்கும். அந்த ஒலிபரப்பில் பாட்டு, அலையின் உயரத்தில் ஏற்றி அனுப்பப்படுகிறது. மின்னல் கலைப்பதும் அந்த உயரத்தைத்தான். எது பாட்டு, எது இடி என்று ரேடியோவுக்குப் பிரிக்கத் தெரியாது.

ஆம்ஸ்ட்ராங் 1890-ல் நியூயார்க்கில் பிறந்தவர். 1918-ல் அவர் உருவாக்கிய சூப்பர்ஹெட்டரோடைன் முறைதான் பிறகு வந்த ரேடியோக்களுக்கெல்லாம் அடிப்படை. பணமும் பெயரும் வந்தது. ஆனாலும் இந்த இரைச்சல் அவரை விடவில்லை.

உயரத்துக்குப் பதிலாக அதிர்வெண்ணை மாற்றி ஒலியை அனுப்பினால் என்ன? யோசனை புதுசு இல்லை. அதனால் பலனில்லை என்று ஜான் கார்சன் 1922-லேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். அலைவரிசையைக் குறுக்கினால்தான் இரைச்சல் குறையும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. ஆம்ஸ்ட்ராங் தலைகீழாக, அதை அகலமாக்கினார். ரிசீவரில், அலையின் உயரத்தில் வரும் ஏற்ற இறக்கத்தை வெட்டிவிடும் 'லிமிட்டர்' வைத்தார். மின்னலின் கைவரிசை அங்கேயே நின்றுபோனது. எஃப்எம் இயங்கும் உயர் அதிர்வெண்ணில் மின்னல் இரைச்சலே குறைவு என்பதும் கைகொடுத்தது. 1933 டிசம்பர் 26-ல் காப்புரிமை கிடைத்தது.

அங்கிருந்துதான் சிக்கல். ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் தலைவர் டேவிட் சார்னாஃப் அவருடைய நண்பர். மனைவி மரியனும் சார்னாஃபின் செயலாளராக இருந்தவர்தான். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 1934-ல் சோதனைக்கு இடம் கொடுத்த அதே நிறுவனம், அடுத்த ஆண்டே கருவிகளை எடுக்கச் சொன்னது. அதன் கவனம் டெலிவிஷன் பக்கம் போயிருந்தது.

1940-ல் ஆர்.சி.ஏ. மொத்தமாக 10 லட்சம் டாலர் தர முன்வந்தது. மற்ற கம்பெனிகள் ராயல்டி கட்டும்போது இவர்களுக்கு மட்டும் ஏன் சலுகை என்று மறுத்துவிட்டார். 1945-ல் இன்னொரு அடி. அமெரிக்க அரசு எஃப்எம்மை 88-108 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றியது. நம்ம செட்டில் இன்றைக்கும் இருப்பது இதுதான். ஆனால் அதுவரை அங்கே விற்ற எஃப்எம் செட்டுகள் எல்லாம் வீணாயின.

1948-ல் ஆர்.சி.ஏ. மீது வழக்குப் போட்டார். வருஷக்கணக்கில் இழுத்த வழக்கு சொத்தைக் கரைத்தது, குடும்பத்தையும் உடைத்தது. 1954 ஜனவரி 31 இரவு உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்த ஆண்டு கடைசியில் ஆர்.சி.ஏ. சமரசத்துக்கு வந்தது. தொகை, 1940-ல் அவர் வேண்டாம் என்ற அதே சுமார் 10 லட்சம் டாலர். மரியன் அதோடு நிற்கவில்லை. மற்ற கம்பெனிகளையும் கோர்ட்டுக்கு இழுத்தார். கடைசியாக மோட்டோரோலா வழக்கிலும் 1967-ல் ஜெயித்தார்.

பத்து வருஷம் கழித்து, 1977 ஜூலை 23 அன்று, இந்தியாவின் முதல் எஃப்எம் ஒலிபரப்பு சென்னையில் தொடங்கியது.