கொலையாளியிடமும் மனிதனைக் கண்ட தஸ்தயேவ்ஸ்கி

ரஷ்ய எழுத்தாளர் பியோதர் தஸ்தயேவ்ஸ்கி 1821ஆம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்தார். ஏழைகளுக்கான மருத்துவமனை ஒன்றில் அவரின் தந்தை மருத்துவராகப் பணியாற்றினார்.

பண்ணை அடிமை முறையை எதிர்த்துப் பேசிவந்த குழுவில் சேர்ந்திருந்ததால், 1849இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சதுக்கத்தில் முதல் மூவரைக் கம்பங்களில் கட்டிவிட்டனர். அடுத்த வரிசையில் அவர் நின்றார். சிப்பாய்கள் குறிபார்த்த வேளையில் மன்னரின் ஆணை வந்தது. தண்டனை சைபீரியாவில் நான்கு ஆண்டுக் கடுங்காவலாகக் குறைக்கப்பட்டது.

போகும் வழியில், தோபோல்ஸ்க் நகரில், முன்பு நாடு கடத்தப்பட்ட புரட்சியாளர்களின் மனைவியர் அவருக்குப் புதிய ஏற்பாடு நூலைக் கொடுத்தனர். ஓம்ஸ்க் சிறையில், காலில் விலங்குடன் வாழ்ந்த அவரின் தலையணைக்கடியில் அந்நூல் இருந்தது.

அங்கே கொலைகாரர்களும் கொள்ளையர்களும் அவருடன் படுத்துறங்கினர். இரக்கமே அறியாதவர்களை அவர் கண்டார். அதே கைதிகள் கிறிஸ்துமஸ் நாளில் நாடகம் போட்டுக் குழந்தைகளைப் போல் மகிழ்ந்ததையும் கண்டார். எவ்வளவு தாழ்ந்தவனிடமும் இறைவனின் சாயல் முற்றிலும் அழிவதில்லை என்ற கிறிஸ்துவ நம்பிக்கை அவருக்குள் வேரூன்றியது.

1866இல் வெளிவந்த 'குற்றமும் தண்டனையும்' நாவல் அதைத்தான் பேசுகிறது. தான் மற்றவர்களைவிட உயர்ந்தவன், சட்டம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று எண்ணி, ரஸ்கோல்னிகோவ் என்ற இளைஞன் அடகுக்கடைக் கிழவியையும் அவளின் தங்கையையும் கொல்கிறான். போலீஸ் பிடிக்கும் முன்பே மனசாட்சி அவனை வதைக்கிறது. குடும்பத்தின் பசிக்காக உடலை விற்ற சோனியா, லாசரு உயிர்த்தெழுந்த கதையை அவனுக்கு வாசிக்கிறாள். குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் தூண்டுகிறாள். தீமையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் மனிதனுக்கு உண்டு. மனம் திரும்பும் சுதந்திரமும் உண்டு என்பதே அவர் கருத்து.

அவரும் குறையற்றவர் அல்லர். சூதாட்டத்தில் பணத்தை இழந்து, மனைவி அன்னாவின் பொருள்களையும் அடகு வைத்தார். 1878இல் மகன் அலியோஷா வலிப்பு நோயால் மூன்று வயது நிறையும் முன் இறந்தான். அடுத்து எழுதிய 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில், அன்பே வடிவான இளைய சகோதரனுக்கு அந்தப் பெயரையே வைத்தார். ஒருவர் செய்யும் பாவத்தில் எல்லாருக்கும் பொறுப்புண்டு என்பது அந்நாவலின் சாரம்.

1881இல், தமது 59ஆவது வயதில், அவர் மரணப் படுக்கையில் கிடந்தார். சிறையில் துணையிருந்த அதே நூலை மனைவியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பின் அதை மகனிடம் ஒப்படைத்துக் கண் மூடினார்.