தேதியைப் பார்க்காதீங்க, பூவைப் பாருங்க! யார் இந்த கார்ல் லின்னேயஸ்?

களையைத் தடுக்க, பூச்சியை விரட்ட சரியான நாள் எது? காலண்டரை விட செடிகளே இதைச் சரியாகச் சொல்லும். இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் கார்ல் லின்னேயஸ்.

1707-ல் சுவீடனில் பிறந்தார். அப்பா பாதிரியார், தோட்டப் பிரியர். 1741-ல் உப்சாலா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைத்துப் புகழ் பெற்றார்.

ஆனால், தோட்டக்காரர்களுக்கு அவர் கொடுத்தது வேறு. செடி துளிர்ப்பது, பூப்பது, காய்ப்பது, இலை உதிர்ப்பது என எல்லாத்தையும் ஆண்டுதோறும் குறித்து வைக்கும் முறையை 1751-ல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஒவ்வொரு பூச்சியையும் தின்ன இன்னொரு பூச்சி உண்டு, அதைப் பிடித்துப் பயிரில் விடலாம் என்பதும் அவர் யோசனைதான். பழத்தோட்டப் புழுக்களை ஒழிப்பது பற்றிய கட்டுரைக்கு 1763-ல் பரிசு வாங்கினார். 1778-ல் காலமானார்.

சரி, பூவுக்கும் களைக்கும் என்ன சம்பந்தம்?

பூ மலர்வது, பூச்சி முட்டை பொரிவது, களை முளைப்பது எல்லாமே வெப்பத்தைப் பொறுத்தது. குளிர் நீண்டால் மூன்றுமே தள்ளிப்போகும். அதனால்தான் அமெரிக்காவில் ஃபோர்சித்தியா செடி மஞ்சளாகப் பூத்ததும், இயற்கைக் களைக்கொல்லியான மக்காச்சோளப் புரதத் தூளைப் புல்வெளியில் தூவுகிறார்கள். களை முளைக்கும் முன்பே தூவினால்தான் பலன். தாமதமானால் அதில் உள்ள நைட்ரஜன், களைக்கே உரமாகிவிடும்!