வில்லியம் போமாண்ட்

வில்லியம் போமாண்ட் (நவம்பர் 21, 1785 - ஏப்ரல் 25, 1853) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த இராணுவ அறுவை மருத்துவர் ஆவார். உயிருள்ள மனிதரின் இரைப்பையினுள் உணவும் நீரும் என்னவாகின்றன என்பதை நேரில் கண்டு எழுதியமைக்காக அறியப்படுகிறார்.

வாழ்க்கை

கனெடிகட் மாநிலத்தில் லெபனான் என்னும் ஊரில் பிறந்தார். மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் அல்லர். வெர்மான்டில் ஒரு மருத்துவரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்று, 1812 இல் உரிமம் பெற்றார். அவ்வாண்டு பிரித்தானியருடன் மூண்ட போரில் துணை மருத்துவராகப் பணியாற்றினார். 1820 இல் மிச்சிகன் பகுதியின் மக்கினாக் தீவுக் கோட்டைக்கு அனுப்பப்பட்டார்.

செயிண்ட் மார்ட்டின்

ஜூன் 6, 1822 அன்று அத்தீவின் கடையொன்றில் துப்பாக்கி தவறுதலாக வெடித்து, அலெக்சிஸ் செயிண்ட் மார்ட்டின் என்ற கனடியத் தொழிலாளியின் வயிற்றைத் துளைத்தது. பிழைக்கமாட்டார் என்றே போமாண்ட் கருதினார். அவர் பிழைத்தார், ஆனால் இரைப்பையில் ஏற்பட்ட துளை மூடவில்லை. 1825 இல் போமாண்ட் அத்துளை வழியே ஆய்வுகளைத் தொடங்கினார். உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி உள்ளே இறக்கி, குறித்த நேரம் கழித்து வெளியே இழுத்துப் பார்த்தார். இரைப்பை நீரைக் குப்பிகளில் எடுத்து, வெளியிலும் அது உணவைக் கரைப்பதைக் காட்டினார்.

எழுத்தறிவற்ற செயிண்ட் மார்ட்டின் இதே வீட்டில் வேலையாளாகவும் இருந்தார். 1832 இல் ஆண்டுக்கு 150 டாலருக்கு ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஆய்வுகள் அவருக்கு வலியும் சினமும் தந்தன. அச்சினத்தால் செரிமானம் தடைப்படுவதையும் போமாண்ட் குறித்துக்கொண்டார் என்பது கவனிக்கத்தக்கது. 1834 இல் கனடா சென்ற செயிண்ட் மார்ட்டின், எவ்வளவு வேண்டியும் திரும்பவில்லை. 1880 இல் அவர் இறந்தபோது, மருத்துவர்கள் உடலை அறுத்துப் பார்க்காதபடி, அது அழுகும்வரை வைத்திருந்து குடும்பத்தினர் ஆழப் புதைத்தனர்.

நூலும் முடிவுகளும்

ஆய்வு முடிவுகள் 1833 இல் பிளாட்ஸ்பர்க் நகரில் நூலாக வெளிவந்தன. வேகவைத்த அரிசி ஒரு மணி நேரத்திலும், வறுத்த பன்றியிறைச்சி ஐந்து மணி நேரத்திற்கு மேலும் செரித்தன என்கிறது அதன் அட்டவணை. நீர் முதலிய பெரும்பாலான நீர்மங்கள் இரைப்பை நீரால் மாற்றமடையாமல் விரைவில் வெளியேறுகின்றன என்றும், பால் மட்டும் உறைந்து திண்ம உணவுபோல் தங்குகிறது என்றும் கண்டார்.

ஏப்ரல் 1853 இல், பனியுறைந்த படிகளில் வழுக்கி விழுந்ததன் பின்விளைவால் செயிண்ட் லூயிஸ் நகரில் காலமானார்.

அறுவைக்கு முன் நீர்

1946 இல் கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற நியூயார்க் மருத்துவர், மயக்கநிலையில் இரைப்பை அமிலம் மூச்சுக்குழலில் புகுந்து நுரையீரலைக் கெடுப்பதை விளக்கினார். அதன்பின் நள்ளிரவு முதல் நீரும் அருந்தலாகாது என்ற விதி பரவியது. நோயாளிகள் தேவையின்றித் தாகத்தில் வாடினர். போமாண்டின் நூல் இருந்தும் இவ்விதி பல்லாண்டுகள் நீடித்தது வியப்பே. வெறும் வயிற்றில் அருந்திய நீரில் பாதி ஏறக்குறைய 20 நிமிடங்களுக்குள் சிறுகுடலுக்குச் சென்றுவிடுகிறது. 1999 இல் அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம், உடல்நலமுள்ளவர்கள் மயக்கமருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்வரை நீர், பால் கலவாத தேநீர் போன்ற தெளிந்த நீர்மங்களை அருந்தலாம் என வழிகாட்டியது. பசும்பாலுக்கு ஆறு மணி நேர இடைவெளி வேண்டும்.