வேண்டாப் பொருளில் பிறந்த வண்டி

ஜப்பானில் 1906ஆம் ஆண்டு கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் சோய்சிரோ ஹோண்டா. இளமையில் டோக்கியோவில் ஊர்தி பழுதுபார்க்கும் பட்டறையொன்றில் சேர்ந்தார். மிட்செல் என்னும் அமெரிக்கக் காரின் அடிச்சட்டத்தில், கழித்துவிடப்பட்ட விமான எந்திரத்தைப் பொருத்தி அப்பட்டறையினர் பந்தயக் கார் செய்தனர். அதன் சக்கரங்களுக்கு மர ஆரக்கால்களைச் செதுக்கியவர் ஹோண்டா. 1924இல் அக்கார் வென்றது.

இரண்டாம் உலகப்போருக்குப்பின் நாடெங்கும் போக்குவரத்துத் தட்டுப்பாடு. மக்கள் உணவுப்பொருள் தேடி மிதிவண்டியில் நெடுந்தொலைவு அலைந்தனர். ஹோண்டாவின் மனைவி சாச்சியும் அவர்களுள் ஒருவர். 1946இல் நண்பர் வீட்டில் சிறிய எந்திரமொன்று ஹோண்டாவின் கண்ணில் பட்டது. இராணுவத்தின் கம்பியில்லாத் தந்திக் கருவிக்கு மின்சாரம் தந்த எந்திரம் அது. போர் முடிந்ததும் கேட்பாரற்றுப் போயிற்று. அதனை மிதிவண்டியில் பொருத்தினார். எரிபொருள் கலத்துக்கு என் செய்வது? படுக்கையைச் சூடாக்கும் வெந்நீர்க் கலத்தையே எடுத்துப் பூட்டினார்! அவ்வண்டியைத் தெருவில் ஓட்டிப் பார்த்தவர் சாச்சியே.

அத்தகைய எந்திரங்கள் ஏறத்தாழ 500 கிடைத்தன. ஒவ்வொன்றையும் பிரித்து, சீர்செய்து, இயக்கிப் பார்த்த பின்னரே விற்றார். வாங்குவோர் பெருகினர், கையிருப்போ கரைந்தது. தொழிலைக் கைவிடுவதா, புதிய எந்திரத்தைத் தாமே படைப்பதா என்னும் நிலை வந்தது. 1947இல் ஹோண்டாவின் பெயர் தாங்கிய முதல் எந்திரம் பட்டறையிலிருந்து வெளிவந்தது.